லிப்ரேயா, கிராத்திஸா?

2014 அக்டோபர். ஸான் ஹோஸேயில் நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தினோம். ஊசி போட இரண்டு நர்ஸ்கள், ஒரு சமூகக் கூடம், வரிசையைப் பார்த்துக்கொள்ள நாங்கள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஸ்பானிஷிலும் ஒரு பலகை வேண்டும் என்றார்கள். நான் அப்போது மாலை வகுப்பில் நான்கு மாதமாக ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதப் படிப்பு மாதிரி ஆபத்தானது எதுவும் கிடையாது; வார்த்தை தெரியும், அது எங்கே கடிக்கும் என்று தெரியாது. பச்சை மார்க்கரை எடுத்து ‘வாகூனாஸ் லிப்ரேஸ்’ என்று பெரிதாக எழுதி வாசலில் ஒட்டினேன். ‘இலவசத் தடுப்பூசி’ என்று எழுதியதாக என் நினைப்பு.

பத்து மணி வாக்கில் இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் வந்தார். பலகையைப் படித்தார். என்னிடம் ‘குவாந்தோ?’ என்றார். எவ்வளவு என்று அர்த்தம். எவ்வளவு ஊசி மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ‘ஒரு இருநூறு இருக்கும்’ என்றேன், சந்தோஷமாக. அவர் தலையை ஆட்டிவிட்டு, பெரிய பையனின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

அவர் போனது ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் டீச்சர் சிரிக்கவில்லை. அவர் புவெப்லா ஊர்க்காரர், எதற்கும் சிரிப்பவர். “அந்தம்மா விலை கேட்டிருக்காங்க. நீ இருநூறு டாலர்னு சொல்லியிருக்கே” என்றார். “ஆனா பலகையில இலவசம்னு எழுதியிருந்தேனே?” “எழுதலை. ஊசி கைவசம் இருக்குன்னு எழுதியிருந்தே. ஸ்பெயின்ல டாக்ஸி கண்ணாடியில ‘லிப்ரே’ன்னு போட்டிருக்கும். ஏறிட்டு, இறங்கும்போது காசு குடுக்காம நடந்து போய்ப் பாரு.”

டாக்ஸி உதாரணம் எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. ஆளில்லாத டாக்ஸி லிப்ரே. கட்டணமில்லாத ஊசி கிராத்திஸ். ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஃப்ரீ’.

தமிழ் பேசுகிற எனக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. நாம் அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே, அத்தனை அர்த்தங்களோடும் மூட்டை கட்டித் தூக்கி வந்துவிட்டோம். “சாயங்காலம் ஃப்ரீயா?” என்கிறோம். “ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ” என்கிறோம். இறுக்கமாக இருப்பவரிடம் “ஃப்ரீயா விடுங்க சார்” என்கிறோம். எழுத உட்காரும்போதுதான் இலவசமா, ஓய்வா, விடுதலையா, சுதந்திரமா என்று யோசிக்க வேண்டும். ஸ்பானிஷ்காரர்கள் பேசும்போதே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இந்தச் சொல்லின் வம்சாவளி சுவையானது. ‘ஃப்ரீ’யின் பழைய ஜெர்மானிய மூலத்துக்கு அன்புக்குரியது என்று பொருள். ‘ஃப்ரெண்ட்’ அதே குடும்பம். சமஸ்கிருதத்தின் ‘ப்ரிய’வும் அதே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததுதான், ஆக, நாம் பேச்சுவாக்கில் சொல்கிற ‘பிரியம்’ ஆங்கில ‘ஃப்ரீ’க்குத் தூரத்து ஒன்றுவிட்ட தங்கை. அன்பு எப்படிச் சுதந்திரம் ஆயிற்று? ஒரு பழங்கால வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே இரண்டு வகை மனிதர்கள்: வீட்டுத் தலைவனின் சொந்தங்கள், அவனுடைய அடிமைகள். பிரியமானவர்கள் யாரோ அவர்கள் அடிமையல்லாதவர்கள். லத்தீனிலும் கிட்டத்தட்ட இதே கதை. ‘லீபெர்’ என்றால் சுதந்திரமானவன். அதன் பன்மையான ‘லீபெரி’ குழந்தைகளையும் குறித்தது, வீட்டிலிருக்கும் அடிமையல்லாத சிறுவர்கள் என்ற கணக்கில். அந்த ‘லீபெர்’தான் ஸ்பானிஷில் ‘லிப்ரே’.

காசில்லாமல் என்ற அர்த்தம் ஆங்கிலத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செலவிலிருந்து விடுபட்டது என்ற தொடர் தேய்ந்து, வெறும் ‘ஃப்ரீ’யே இலவசம் ஆனது. ஸ்பானிஷுக்கு அந்தத் தேவை எழவில்லை, அதற்கென்று வேறொரு லத்தீன் சொல் கையில் இருந்தது. ‘கிராத்திஸ்’ என்றால் வெறும் நன்றிக்குக் கொடுப்பது. ‘கிராசியாஸ்’ என்று ஸ்பானிஷில் நன்றி சொல்கிறோமே, அதே வேர்.

டீச்சர் எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: ஆங்கில ‘ஃப்ரீ’ வரும் தொடர்களைப் பொறுக்கி வந்து ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். எங்கும் ‘லிப்ரே’ போட்டால் முட்டை மார்க். சர்க்கரை இல்லாத பிஸ்கட்டுக்கு ‘சின் அஸூகார்’, சர்க்கரை இன்றி. சுங்கமற்ற துறைமுகத்துக்கு ‘புவெர்த்தோ ஃபிராங்கோ’. அந்த ‘ஃபிராங்கோ’ ஃபிராங்க் இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. வானத்திலிருந்து விழுந்தால் ‘லிப்ரே’. மல்யுத்தம் ‘லிப்ரே’. 1994இல் அமெரிக்காவும் கனடாவும் மெக்ஸிகோவும் நடைமுறைக்குக் கொண்டுவந்த வணிக ஒப்பந்தத்திலும் ‘லிப்ரே’. ‘கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விருந்தாளியிடம் ஆங்கிலத்தில் சொல்வதற்கு ‘கோன் கொன்ஃபியான்ஸா’, நம்பிக்கையோடு. எனக்கு இது மிகவும் பிடித்தது. 1993இல் வந்த திமிங்கலப் படத்தில் அந்தச் சொல் வினைச்சொல். ஸ்பெயினில் ‘லிபெராத் அ வில்லி’, லத்தீன் அமெரிக்காவில் ‘லிபெரென் அ வில்லி’. வில்லியை விடுவிக்கச் சொல்லும் கட்டளையில்கூட இரண்டு கண்டங்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

இந்த இரட்டைப் பொருள் ஆங்கிலக்காரர்களையே படுத்தியது கணினித் துறையில்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் அதற்கு ஓர் அறக்கட்டளை. எவரும் ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பது அவருடைய கொள்கை. அதற்கு அவர் வைத்த பெயரில் ‘ஃப்ரீ’ இருந்தது. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் காசில்லாத சரக்கு என்றே புரிந்துகொண்டார்கள். பேச்சுச் சுதந்திரத்தில் வரும் ‘ஃப்ரீ’, ஓசி பீரில் வரும் ‘ஃப்ரீ’ அல்ல என்று அவர் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. 1998இல் வேறு சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ‘ஓப்பன் ஸோர்ஸ்’ என்ற புதுப்பெயரைக் கொண்டுவந்தார்கள். (ஸ்டால்மனுக்கு அதில் உடன்பாடில்லை. பெயரோடு கொள்கையும் போய்விடும் என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.) ஸ்பானிஷில் ‘ஸாஃப்ட்வேர் லிப்ரே’ என்றால் வேலை முடிந்தது. கடைசியில் ஆங்கிலமே அந்தச் சொல்லைக் கடன் வாங்கியது. 2010இல் பிறந்த அலுவலகச் செயலிக்கு லிப்ரே ஆஃபீஸ் என்று பெயர்.

ஸ்பானிஷில் குழப்பமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் விவாதம் வேறு தளத்தில் தொடங்க முடிந்தது. பெருவில் அரசு அலுவலகங்களுக்கு லிப்ரே மென்பொருளைக் கட்டாயமாக்கும் மசோதாவை எட்கார் வில்லனுவேவா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முன்வைத்தார். மைக்ரோசாஃப்டின் பெரு கிளை எதிர்ப்புக் கடிதம் எழுதியது. 2002 ஏப்ரலில் அவர் எழுதிய பதில் கணினி உலகில் பெயர்பெற்றது. குடிமக்களுக்குப் பொதுத் தகவல் தடையின்றிக் கிடைப்பது, அந்தத் தரவு நிலைத்திருப்பது, அரசும் குடிமக்களும் பாதுகாப்பாக இருப்பது என்று மசோதாவுக்கு மூன்று அடிப்படைகளைச் சொன்னார். மூன்றிலும் விலை வரவில்லை. அதே 2002 பிப்ரவரியில், விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு கிளம்பியதும், ஸ்பானிஷ் விக்கியில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் பிரிந்துபோய் செவில்லா பல்கலைக்கழகத்தின் கணினியில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘என்சிக்லொபேதியா லிப்ரே’. தமிழ் விக்கிப்பீடியா தன்னை இலவசக் கலைக்களஞ்சியம் என்று சொல்லிக்கொள்ளாமல் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்றது இதே தேர்வுதான். யாரோ உட்கார்ந்து சரியாக யோசித்திருக்கிறார்கள்.

மென்பொருளில் தப்பான சொல் விழுந்தால் நஷ்டம் ஒரு விவாதம். என் பலகையில் நஷ்டம் இரண்டு குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி. அதைவிடப் பெரிய நஷ்டம் உண்டு என்று காட்டியவர் என் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர். வக்கீல் அலுவலகம் ஒன்றில் வேலை. என் பலகைக் கதையைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் ஒரு தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். சில பக்கங்கள்தான். 2013 ஜூலையில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்தது.

அதற்குள் போகுமுன் ஐம்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1963 மார்ச் 13 அன்று அரிஸோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் எர்னெஸ்தோ மிராண்டா என்ற இளைஞர் கைதானார். மெக்ஸிக வம்சாவளி, கூலிவேலை. இரண்டு மணி நேர விசாரணை முடிந்ததும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேசாமல் இருக்க உரிமை உண்டு, வக்கீலைக் கேட்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஐந்தே நாள் கழித்து, மார்ச் 18 அன்று, ஃப்ளோரிடாச் சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய கிளாரன்ஸ் கிடியனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: கடும் குற்றச்சாட்டில் நிற்பவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசுதான் அமர்த்தித் தர வேண்டும். மூன்று வருடம் கழித்து, 1966 ஜூன் 13 அன்று, மிராண்டாவின் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அடுத்த படி. அந்த உரிமைகளைக் காவலர் விசாரணைக்கு முன்பே கைதியிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்கிய வாக்குமூலம் செல்லாது. மிராண்டா தப்பிவிடவில்லை. மறு விசாரணையில் அந்த வாக்குமூலம் இல்லாமலேயே தண்டனை பெற்றார். 1976இல் ஒரு மதுக்கடைச் சண்டையில் குத்திக் கொல்லப்பட்டார்.

ஹாலிவுட் படங்கள் வழியாக உலகத்துக்கே அந்த வாசகம் மனப்பாடம். ஆனால் ஆங்கிலத்திலேயே இன்ன சொல்தான் வர வேண்டும் என்று சட்டம் கிடையாது. அச்சு அசல் வாசகம் தேவையில்லை, கருத்து போய்ச் சேர்ந்தால் போதும் என்று 1981இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்பது அந்தந்தக் காவல் துறையின் அட்டையையும், அட்டை இல்லாவிட்டால் அந்தந்தக் காவலரின் ஸ்பானிஷையும் பொறுத்தது. பலருக்கு அது வீட்டில் பாட்டியோடு பேசிப் பழகிய ஸ்பானிஷ். சிலருக்கு என்னுடையது மாதிரி நான்கு மாத ஸ்பானிஷ்.

நண்பர் தந்த தீர்ப்பில் வரும் மனிதர் ஆரெகனில் கஞ்சா வளர்ப்பு, ஆயுதம் தொடர்பான குற்றச்சாட்டுகளில் சிக்கியவர். துப்பறிவாளர் அவருக்கு ஸ்பானிஷில் உரிமைகளைச் சொன்னார். வக்கீல் பகுதி வந்தபோது அவர் சொன்னதன் சாரம் இது: வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் உங்களுக்கு உரிமை உண்டு, லிப்ரேயாக இருக்கிற ஒருவரை உங்களுக்குக் கொடுக்கலாம்.

ஆங்கிலம் தெரிந்த மனத்தில் வாக்கியம் சரியாகத்தான் இருந்திருக்கும். இலவசமாக ஒரு வக்கீல். ஸ்பானிஷ் காதில் விழுந்தது வேறு: வேலை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கிற வக்கீல் யாராவது கிடைத்தால், தரலாம். டாக்ஸி. கூடவே அந்தக் ‘கொடுக்கலாம்’ வேறு. கொடுக்கப்படும் என்பதற்கும் கொடுக்கலாம் என்பதற்கும் நடுவில் ஒரு மனிதனின் பல வருட ஆயுள் கிடக்கிறது. காசு வேண்டாம் என்பதற்கு ‘லிப்ரே’ பொருந்தாது என்று மொழி தெரிந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் வாக்குமூலத்தை ஒதுக்க மறுத்திருந்தது. மேல் நீதிமன்றம் மாற்றியது: இப்படிச் சொன்னால், வக்கீல் கிடைப்பது யாரோ விண்ணப்பத்தை ஏற்பதையோ வக்கீலுக்கு நேரம் இருப்பதையோ பொறுத்தது என்றுதான் தோன்றும், அரசின் முழுக் கடமை அது என்று தோன்றாது. தண்டனை ரத்தாகி வழக்கு திரும்பிப் போனது.

அரசுத் தரப்புக்கு ஒரு வாதம் இருந்தது. அதே மனிதருக்கு முன்னால் ஆங்கிலத்தில் சரியாகவே சொல்லியாகிவிட்டதே? நீதிபதிகள் அதையும் ஏற்கவில்லை. ஒன்று சரி, ஒன்று தப்பு என்று இரண்டு எச்சரிக்கைகளைக் கேட்டவன், எது சரி என்று யாரும் சொல்லாதபோது, எதை நம்புவான்? எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. மொழிபெயர்ப்பு என்பது மூலத்தின் நிழல், மூலம் சரியாக இருந்தால் நிழல் கொஞ்சம் கோணினால் பரவாயில்லை என்றொரு நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. அந்த அறையில் மொழிபெயர்ப்புதான் மூலம். அவருக்குச் சேர்ந்த சட்டம் அந்த ஸ்பானிஷ் வாக்கியம் மட்டுமே.

துப்பறிவாளருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும், நானும் பச்சை மார்க்கர் பிடித்தவன் என்பதால். மெக்ஸிகோவில் சுங்கம் வசூலிக்கும் நெடுஞ்சாலையில் ‘க்வோத்தா’ என்று போட்டிருக்கும். சுங்கமில்லாத பழைய சாலையில் ‘லிப்ரே’. இசை நிகழ்ச்சிகளில் ‘என்த்ராதா லிப்ரே’ என்றால் பலரும் டிக்கெட் இல்லை என்றே புரிந்துகொள்வார்கள். அர்ஜென்டினாவில் இன்னும் ஜாக்கிரதை: ‘லிப்ரே இ கிராதுய்தா’ என்று இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுவார்கள். அதாவது ‘லிப்ரே’ இலவசத்தின் எல்லை வரை போகும். சாலையோடும் கதவோடும் சேர்ந்து போகும். மனிதரோடு சேர்ந்தால் போகாது. ஓர் ஆளை லிப்ரே என்றால் அவர் ஓய்வாக இருக்கிறார், அல்லது சிறையில் இல்லை. இதை அகராதியில் வரிசையாக இருக்கும் அர்த்தங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இதே நீதிமன்றம் 2003இலும் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. அங்கே வக்கீல் வேண்டி நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கும் உரிமை என்று ஸ்பானிஷில் சொல்லியிருந்தார்கள். அதுவும் செல்லவில்லை. 2016இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், நாடு முழுக்க ஒரே ஸ்பானிஷ் வாசகம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு, அந்தத் துப்பறிவாளர் தெரியாத்தனமாக உண்மையைச் சொல்லிவிட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அரசு வக்கீல் கிராத்திஸா? அதே ஆரெகன் மாநிலச் சட்டம் ஒன்றை 1974இல் உச்ச நீதிமன்றம் பரிசீலித்தது. தண்டனை பெற்றவருக்குப் பின்னால் வசதி வந்தால், அரசு கொடுத்த வக்கீலுக்கான செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம் என்ற சட்டம். செல்லும் என்றார்கள். ஆகவே நன்றிக்கு மட்டும் தருவது என்ற பழைய லத்தீன் அர்த்தத்தில் அது கிராத்திஸ் அல்ல, கடனுக்கு நெருக்கமானது. சரி, லிப்ரேயா? சில வருடங்களாக ஆரெகனில் அரசு வக்கீல்கள் போதவில்லை. இருப்பவர்கள் தலைக்கு மேல் வழக்குகளோடு நின்றார்கள். வக்கீல் இல்லாமலே ஆட்கள் சிறையில் நாள்கணக்காகக் கிடந்தார்கள். வக்கீலுக்கு நேரம் இருப்பதைப் பொறுத்ததல்ல உங்கள் உரிமை என்று 2013இல் சட்டம் சொன்ன அதே மாநிலத்தில், நடைமுறையில் அது அதையேதான் பொறுத்திருந்தது.

2023 நவம்பரில் அங்குள்ள ஒரு கூட்டரசு நீதிபதி, ஏழு நாட்களுக்குள் வக்கீல் அமர்த்தித் தர முடியாவிட்டால் கைதியைச் சிறையிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். 2024 மே மாதம் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. செய்தியைப் படித்ததும் பத்து வருடப் பழைய வீட்டுப்பாடம் ஞாபகம் வந்தது. ஒரு வாக்கியம் எழுதி டீச்சருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்: கிராத்திஸ் வக்கீல் எவரும் லிப்ரேயாக இல்லாததால் கைதி லிப்ரே.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. முதல் இரண்டும் சரியாம். மூன்றாவதற்குச் சிவப்புக் குறி. “வெளியேதானே விட்டாங்க? கேஸ் இன்னும் நிக்குதே. அதுக்கு வேற வார்த்தை இருக்கு, லிபெர்தாத் ப்ரொவிஸ்யோனால். தற்காலிகமா வெளியே. மறுபடி எழுது.”